வெளிநாட்டு பஸ்ஸை வாங்கி இறக்குவது எப்படி

பஸ்ஸைத் தேடும் முன் பதிவு விதிகளைத் தேடுங்கள். வாகன வயது வரம்பு, புகைத் தரம், ஸ்டீயரிங் பக்கம், நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் பதிவு அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று இடித்தாலும் வண்டி துறைமுகத்தைத் தாண்டாது. ஸ்டீயரிங்கை மாற்றிக்கொள்ளலாம் என்று தரகர் சுலபமாகச் சொல்லிவிடுவார். பயணிகள் ஏறும் கதவு நடுரோட்டைப் பார்த்துத் திறக்குமே, அதை என்ன செய்வது? கதவை இடம் மாற்ற பாடி ஃபிரேமையே வெட்ட வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு பஸ்ஸே பார்க்கலாம்.

புது மாடல் என்றால் நல்லது என்றும் இல்லை. யூரோ 5, யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகைத் தர இன்ஜின்களுக்கு 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கந்தக அளவுக்குள் இருக்கும் டீசல் வேண்டும்; பெரும்பாலானவற்றுக்குப் புகையைச் சுத்தமாக்கும் ஆட்ப்ளூ என்ற யூரியா கரைசலும் வேண்டும். இவை கிடைக்காத இடத்தில் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும், இன்ஜின் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஆளை வைத்துச் சோதியுங்கள். அவர் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான இன்ஜின் பல நோய்களை மறைக்கும். குளிர்நாட்டு பஸ் என்றால் சாலையில் தூவும் உப்பு அடிப்பாகத்தை அரித்திருக்கும். புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்பட்டு, சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 'டங்' என்றால் இரும்பு, 'சொத்' என்றால் துரு. பிரேக்கின் காற்றழுத்தம் முழுதாக ஏறியதும் இன்ஜினை அணைத்து 10 நிமிடம் விடுங்கள். அழுத்த மீட்டரின் முள் கண்ணுக்குத் தெரிந்து இறங்கினால் கசிவு.

சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பொறித்த எண்ணைப் படமெடுத்து ஆவணத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த இந்த 17 இலக்க எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஆவணத்தில் 'ஓ' இருந்தால் அது பூஜ்யத்தைத் தப்பாக அடித்தது. பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) அச்சாகும் முன் திருத்துங்கள். பிறகென்றால் சுங்கத்தில் நாள்கணக்கில் நிற்கும்.

2.5 மீட்டர் அகல பஸ் கன்டெய்னருக்குள் போகாது. அதன் வாசலே சுமார் 2.34 மீட்டர்தான். வண்டியை ஓட்டியே ஏற்றி இறக்கும் ரோரோ கப்பல், இல்லாவிட்டால் பக்கச் சுவரும் கூரையும் இல்லாத ஃபிளாட் ரேக் கன்டெய்னர். ரோரோவில் கட்டணம் பெரும்பாலும் கன மீட்டருக்கு: 12 × 2.55 × 3.2 என்றால் சுமார் 98. பக்கக் கண்ணாடியை மடித்து அளக்கச் சொல்லுங்கள். தாழ்தள பஸ் கப்பலின் சரிவுப் பாதையில் மூக்கை இடிக்கும். ஏர் சஸ்பென்ஷனை (வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகளை) உயர்த்தும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முன்பே பாருங்கள். டீசல் கால் டாங்குக்கு மேல் வேண்டாம். உள்ளே உதிரிபாகங்களை அடைத்து அனுப்பாதீர்கள். ஏற்ற மறுப்பார்கள், ஏற்றினாலும் திருடு போகும்.

செலவை இப்படிப் போடுங்கள். விலை 100, கப்பல் 40, காப்பீடு 2: மொத்தம் 142. பல நாடுகளில் இந்தத் தொகை மீதுதான் சுங்கம். 20 சதவீதம் என்றால் 28.4. இரண்டையும் கூட்டி அதன் மேல் 15 சதவீத விற்பனை வரி, 25.56. துறைமுகக் கூலி சேர்க்காமலே 196. இவை உதாரணத்துக்குத்தான்; உண்மையான சதவீதத்தைக் கிளியரிங் ஏஜென்டிடம் (சுங்க வேலையை முடித்துத் தருபவரிடம்) கேளுங்கள். ஓட்டுநரோடு 10 பேர் அல்லது அதற்கு மேல் ஏறும் வண்டிக்கு சுங்கத் தலைப்பு (வரி வகைப்பாட்டு எண்) 8702. சீட்டைக் கழற்றி வீடாக மாற்றியிருந்தால் தலைப்பும் வரியும் மாறலாம்.

கப்பல் வருவதற்குள் மூல ஆவணங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும், இல்லையேல் தினமும் வாடகை ஏறும். எடுக்கப் போகும்போது, பேட்டரி இறங்கியிருந்தால் ஸ்டார்ட் செய்ய 24 வோல்ட் ஜம்ப் கேபிள் கொண்டுபோங்கள். நான்கு பக்கமும் படமெடுத்து, கீறலோ உடைசலோ இருந்தால் ரசீதிலேயே குறித்த பின்தான் கையெழுத்துப் போடுங்கள்.