விஜய் சேதுபதியைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் விடும் பிழைகள்

கிளிநொச்சியோ மல்லாவியோ புதுக்குடியிருப்போ, எங்கள் பக்கத்தில் விஜய் சேதுபதி படம் என்றால் விடிய எழும்பி வயலுக்குப் போக வேண்டிய ஆளும் இரவு முழித்திருந்து பார்ப்பார். அவ்வளவு பிடிக்கும். ஆனால் அவர் எங்கே தொடங்கி எப்படி வந்தார் என்று கதைக்கும்போதுதான் குழப்பம். பெரும்பாலும் காரணம் ஒன்றே: படம் எங்கள் கைக்கு வந்த வரிசையை அவர் நடித்த வரிசை என்று நம்பிவிடுகிறோம்.

வன்னியில் இப்படி ஆனதற்கு நியாயமும் இருக்கிறது. போர்க்காலத்தில் கரண்ட் இல்லை, ஜெனரேட்டரும் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துத்தான் படம். 2009க்குப் பிறகு முகாமிலிருந்து திரும்பி, வீடு கட்டி, கரண்ட் எடுத்து, டிஷ் பூட்டித்தான் பலர் விட்ட படங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதனால் 2012இல் வந்த பீட்சாவை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் டிவியில் புதுப்பேட்டை போகும்போது தனுஷின் கூட்டத்தில் நிற்பவரைக் கண்டு ‘இவர் இதிலும் இருக்கிறாரா’ என்கிறோம். அது 2006ஆம் ஆண்டுப் படம்! சீனு ராமசாமியின் தென்மேற்குப் பருவக்காற்று (2010) அவர் கதாநாயகனாக வந்த முதல் படம்தானே தவிர, நடித்த முதல் படம் இல்லை. அதற்கு முன் கூட்டத்தில் ஒருவராக நின்ற வருடங்கள், சன் டிவியின் பெண் தொடர், நாளைய இயக்குநர் நிகழ்ச்சிக்காக, பின்னர் பீட்சாவை இயக்கிய கார்த்திக் சுப்பராஜுடன் செய்த குறும்படங்கள் எல்லாம் இருக்கின்றன. டிவி வேலை என்று அவற்றை ஒதுக்கிவிட்டால், பீட்சாவில் டார்ச்சுடன் ஒரு வீட்டுக்குள் தனியாக நின்று படத்தைத் தூக்குகிற தைரியம் எங்கிருந்து வந்தது என்று விளங்காது.

இதே பிழைதான் ‘வருகிற படத்தையெல்லாம் ஒத்துக்கொள்கிறார்’ என்ற குற்றச்சாட்டிலும். 2022ஐப் பாருங்கள். பெப்ரவரியில் கடைசி விவசாயி, ஏப்ரலில் காத்துவாக்குல ரெண்டு காதல், ஜூன் தொடக்கத்தில் விக்ரம், அதே ஜூன் கடைசியில் மாமனிதன். ஒரே மாதத்தில் ஒருபக்கம் விக்ரமில் கறுப்புக் கண்ணாடி போட்ட வில்லன் சந்தனம், மறுபக்கம் மாமனிதனில் ஆட்டோ ஓட்டும் குடும்பஸ்தன். பார்க்கிறவருக்குத் திகட்டும்தான். ஆனால் மாமனிதன் முடிந்து வருடக்கணக்காகக் கிடந்த படம். கடைசி விவசாயியின் நாயகன் நல்லாண்டி ஐயா, படம் திரைக்கு வருமுன்பே காலமாகிவிட்டார் என்றால் அது எப்போது எடுத்தது என்று யோசியுங்கள். படம் எப்போது வெளிவரும் என்பது நடிகர் கையில் இல்லை. நெல் விதைக்கிற எங்கள் ஆட்கள் கடைசி விவசாயியைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அதில் முருகனே கதியென்று திரியும் ராமையாவாக வருகிற விஜய் சேதுபதிக்காகவும்தான்.

800 படம் பற்றி ஒரு சொல். கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைக் கதையான அதில் விஜய் சேதுபதி நடிப்பதாக 2020 ஒக்டோபரில் அறிவித்தபோது இங்கே பலருக்கு மனம் நொந்தது உண்மை. எதிர்ப்பு வலுத்ததும், விலகிக்கொள்ளும்படி முரளிதரனே கேட்டார், அந்த மாதமே விஜய் சேதுபதி விலகிவிட்டார். 2023இல் வந்த படத்தில் நடித்தவர் மதுர் மிட்டல். அறிவிப்பை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு ‘நடித்தவர்’ என்று சொல்வது சரியில்லை.

யூடியூப் முகப்புப் படங்களை நம்பாதீர்கள். ‘கதறி அழுத விஜய் சேதுபதி’ என்று போட்டிருப்பார்கள், உள்ளே பழைய பேட்டியின் ஒரு துண்டு இருக்கும். டேட்டாவும் நேரமும் போகும், அவ்வளவுதான். அவர் பெயரில் யாராவது நடிக்கச் சந்தர்ப்பம் தருவதாகச் சொல்லிக் காசு போடச் சொன்னால் போடவே வேண்டாம், எங்கள் பெடியளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பிக்பாஸில் போட்டியாளர்களை இடைமறித்துப் பேசுகிறார் என்ற கோபத்தை அவர் நடிப்பின் மேல் காட்டுகிறவர்களும் உண்டு. தொகுப்பாளர் வேலை வேறு.

கடைசியாக, டெலிகிராமில் வரும் தியேட்டர் கொப்பியைப் பார்த்துவிட்டு ‘சும்மா நிற்கிறார், நடிக்கவே இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். 96 படத்தில் கரண்ட் போன இருட்டில் த்ரிஷா பாடத் தொடங்க, வருடக்கணக்காக அந்தப் பாட்டுக்குக் காத்திருந்தவர் வெளிச்சத்தைத் தேடித் தடுமாறி ஓடுவார். அந்தத் தடுமாற்றம்தான் நடிப்பு. கொப்பியில் அந்த இடம் வெறும் கறுப்பு. வவுனியாவுக்குப் பஸ் ஏறித் தியேட்டரில் பார்க்க முடியாவிட்டால் டிவியிலோ ஓடிடியிலோ நல்ல பிரதி வரும்வரை பொறுங்கள்.