பள்ளியில் மனநலம் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு தன்னார்வலர்களுடன் ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். வகுப்பு முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் எங்களில் ஒருவர், "எதுவானாலும் சொல்லு தம்பி, சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. எட்டு வருடத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை.

வேகமாகப் பேசுவது, பாடமாக ஒப்பிப்பது எல்லாம் நான்கு வகுப்பு எடுத்தால் தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்வது

நான் வாக்குக் கொடுத்தது ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு. "யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்றேன். செத்துப்போய்விடலாம் என்று பல நாளாக நினைப்பதாகவும், எந்த நாள் என்பதைக்கூட முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னாள். அதைக் கேட்டபின் எப்படிச் சும்மா இருப்பது? தலைமையாசிரியரிடம் சொன்னேன். அன்றே அவளுடைய அம்மாவை வரவழைத்து, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினோம். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் அடுத்த முறை நான் போனபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய தோழிகளும் பேசவில்லை. அந்த வகுப்பில் அதன்பின் ஒருவர்கூட என்னிடம் மனம் திறக்கவில்லை.

நான் பெரியவர்களிடம் சொன்னது சரிதான். சொல்ல மாட்டேன் என்றதுதான் தவறு. கஷ்டம் வந்தால் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் போ என்று சொல்லிக்கொடுக்கப் போன நானே, பெரியவர்களை நம்பாதே என்று அவர்களுக்குக் காட்டிவிட்டேன். இன்றும் யாராவது இப்படிச் சத்தியம் செய்வதைக் கேட்டால் கோபம் வருகிறது.

சட்டமும் இருக்கிறது. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

அதனால் வகுப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: "நீங்க சொல்றது நமக்குள்ளதான். ஆனா உங்க உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்வேன். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." அந்தப் பையனிடமும் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம், "கணக்கு சார்கிட்ட சொன்னா பரவால்ல" என்றான்.

"யாருக்கெல்லாம் பிரச்சினை, கை தூக்குங்க"

கேட்காதீர்கள். சீட்டில் எழுதி வாங்குங்கள்.

தற்கொலை நடந்த விதத்தை விவரிப்பது

வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் மன அழுத்தம் என்பது

பரீட்சைக்கு முந்தைய நாள் வரும் பதற்றம் வேறு, மனச்சோர்வு வேறு. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், பசி, விளையாட்டு எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

அக்டோபர் 10 அன்று மட்டும் போவது

மனநல நாளுக்குப் போனால், பொங்கல் விடுமுறை முடிந்ததும் இன்னொரு தடவை போங்கள். பொதுத்தேர்வு பயம் அப்போதுதான் முற்றும்.

எண் கொடுக்காமல் கிளம்புவது

டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 14416. கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கரும்பலகையில் எழுதினால் மறுநாள் அழிந்துவிடும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லி, எழுதும்வரை நில்லுங்கள்.