காற்றுக் குறைவாக அடித்த பதினொரு ஆண்டுகள்: உளவளத்துணைக்குப் போக யோசிப்பவர்களுக்கு

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் எனக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருக்கிறது. போர் முடிந்து 2011 இல் மீள்குடியேறி வந்தவுடன் நான்கு மரக்குற்றியும் ஆறு தகரமுமாகத் தொடங்கினேன். அன்றிலிருந்து என் கடைக்கு ஒரே ஒரு கெட்ட பெயர்தான்: "அண்ணையிடம் காற்றடித்தால் காணாது." பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். பம்ப் பழுது என்று சொல்வேன். பம்பில் ஒரு பழுதும் இல்லை. ரயர் இறுகத் தொடங்கும்போதே, வெடித்துவிடுமோ என்று கை தானாக நின்றுவிடும்.

2022 இல் பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஊரே பழைய சைக்கிள்களைத் தூசி தட்டி உருட்டிக்கொண்டு வந்தது. பத்து வருடம் கொட்டிலுக்குள் கிடந்த ரியூப்கள், தொட்டால் உக்கி உதிரும். அப்படியொன்று வெயிலில் தானாகவே வெடித்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, மேசைக்குக் கீழே மண்ணில் முகம் புதைத்துக் கிடந்ததுதான். சைக்கிள் கொண்டுவந்த பையனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். அவன் சிரிக்கவில்லை. குனிந்து, "ஐயா, ரியூப்தான்" என்றான். அடுத்த கிழமை நான் உளநலப் பிரிவுக்குப் போனேன்.

என்னைப்போல மேசைக்குக் கீழே போகும்வரை பொறுத்திருக்காமல் முன்கூட்டியே உளவளத்துணைக்கு, அதாவது கவுன்சிலிங்குக்கு, போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கே போவது

அரசாங்க ஆஸ்பத்திரிகளின் உளநலப் பிரிவில் மருத்துவரைப் பார்க்கக் காசு இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருந்தால் அவரிடமும் போகலாம், அதற்கும் கட்டணம் கிடையாது. உங்கள் ஊரில் எந்த நாளில் கிளினிக் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் விசாரிக்காமல் போய் ஒரு நாள் உழைப்பைத் தொலைத்தேன். "விசர் கிளினிக்" என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் எதற்குப் போகிறான் என்பது எவருக்கும் தெரியாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் பிரஷருக்கு என்று சொல்லிக்கொண்டு போனேன். வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பல்லுக்கு வந்ததாகச் சொன்னார். பல் கிளினிக் அடுத்த கட்டடத்தில் இருந்தது.

என்ன சொல்வது என்பதுதான் பெரும்பாடு. "மனம் சரியில்லை" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. நெஞ்சு இடிக்கிறது, தலை விறைக்கிறது, உடம்பு உழைகிறது, பெருமூச்சு வந்துகொண்டே இருக்கிறது என்போம். அப்படியே சொல்லுங்கள். வன்னியில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பாஷை விளங்கும். எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது, நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, இதனால் எந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்ற ஐந்தையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் பாதிக் கதை முடிந்துவிடும். ஐந்தாவது கேள்விதான் முக்கியம். இரண்டு கிழமைக்கு மேலாக அநேகமான நாட்களில் சோர்வும், எதிலும் விருப்பமில்லாமையும் இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாமா என்று பார்ப்பார்கள். எனக்கு இருந்ததைப் பதகளிப்பு, அதாவது அளவுக்கு மீறிய பயமும் பதற்றமும், என்றார்கள். மூன்று தடவை ஈசிஜி எடுத்து மூன்று தடவையும் இதயம் நல்லது என்று வந்த பிறகு எனக்குக் கிடைத்த பெயர் அது. பெயர் கிடைத்ததே பாதி ஆறுதல்.

முதலில் சந்தித்தவர் எனக்கு ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எந்த இடம் என்பது வேண்டாம். பத்து நிமிடத்தில் "பழசை மறவுங்கள், கோயிலுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார். கோயில் எனக்குத் தெரியாததா, தான்தோன்றீஸ்வரர் வாசலில்தான் வளர்ந்தேன். புத்திமதி சொல்வது உளவளத்துணை ஆகாது. உங்களுக்கும் அப்படி நடந்தால் ஒருவரோடு நிறுத்திவிடாதீர்கள், வேறொருவரைக் கேளுங்கள். இரண்டாவதாகக் கிடைத்தவர் என் மகளின் வயதுப் பிள்ளை. இவவுக்கு என்ன தெரியும் என்றுதான் நானும் உட்கார்ந்தேன்.

வீட்டுப்பாடம்

அந்தப் பிள்ளை என்னை அழவைப்பா என்று எதிர்பார்த்தேன். மாறாக ஒரு கொப்பி வாங்கச் சொன்னா. கிழமைக்கு ஒரு முறை, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் சந்திப்போம். வேலை முழுவதும் இடையில் உள்ள நாட்களில்தான். அந்த நாட்களில் ஒன்றும் செய்யாமல், வந்து கதைத்துவிட்டு மட்டும் போகிறவர்களுக்கு மனம் கொஞ்சம் இலேசாகும். என்னுடைய பயம் அதனால் போயிருக்காது.

முதல் இரண்டு கிழமையும் கொப்பியில் மூன்று விடயம் எழுதினேன்: என்ன நடந்தது, அந்த நேரம் மனதில் ஓடியது என்ன, பயம் பத்துக்கு எத்தனை. ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். "செவ்வாய், பகல். பின் சில்லுக்குக் காற்றடித்தேன். வெடித்தால் நெஞ்சு நின்றுவிடும் என்று நினைத்தேன். எட்டு." அந்தப் பிள்ளை "நெஞ்சு நின்றுவிடும்" என்பதன் கீழே கோடு போட்டுவிட்டு, "ஐயா, இதுவரை எத்தனை ரியூப் வெடித்திருக்கிறது?" என்று கேட்டா. எண்ணிப் பார்த்து இருபதுக்கு மேல் இருக்கும் என்றேன். "நெஞ்சு எத்தனை தரம் நின்றது?" நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1960களில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற உளமருத்துவர், மனச்சோர்வோடு வருகிறவர்களின் தலைக்குள் தங்களைப் பற்றியும் நாளையைப் பற்றியும் கெட்ட எண்ணங்கள் தாமாகவே மின்னலாக வந்து போவதைக் கவனித்தார். அவற்றைப் பிடித்து எழுதி, உண்மைதானா என்று சோதிக்கப் பழக்கினார். எழுதச் சொல்வது அதற்குத்தான். தலைக்குள் இருக்கும்வரை எண்ணம் தீர்ப்பு மாதிரி இருக்கும். கொப்பியில் ஏறிவிட்டால் யாரோ சொன்ன கதை மாதிரி ஆகிவிடும், கேள்வி கேட்கலாம்.

பயம் உடம்பில் என்ன செய்கிறது என்பதையும் விளங்கப்படுத்தினா. பயந்தவுடன் மூச்சு வேகமாகும். வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால் விரல் நுனி விறைக்கும், தலை சுற்றும். அதைப் பார்த்து மாரடைப்பு என்று இன்னும் பயப்படுவோம், மூச்சு இன்னும் வேகமாகும். அங்கேயே அவ என்னை ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொன்னா. விரல் விறைத்தது. பத்து வருடமாக மாரடைப்பு என்று நினைத்ததை ஒரு கதிரையில் உட்கார்ந்தபடி நானே உண்டாக்கினேன். (இருதய வருத்தம், வலிப்பு, முட்டு எனும் ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.)

ரியூப் வெடிக்கும் ஏணி

அதன்பிறகு ஏணி. பயப்படுகிற விடயங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து ஏறுவது. என் ஏணியில் முதற்படி, வெடித்த பழைய ரியூப் ஒன்றைக் கையில் எடுத்துக் கிழிந்த இடத்தைத் தடவுவது. இரண்டாவது, மகன் வளவின் கோடியில் நின்று ஒரு உக்கல் ரியூப்பை வெடிக்கவைக்க, நான் படலையடியில் நிற்பது. மூன்றாவது, அதே வேலை கடைக்குப் பின்னால். நான்காவது, நான் பக்கத்தில். ஐந்தாவது, பம்ப் என் கையில்.

இரண்டாம் படியை எழுதிக் காட்டுகிறேன், ஏனென்றால் எல்லோரும் பிழைவிடுவது அந்த இடத்தில்தான். அயலவர்கள் பதறாமல் இருக்க முதலே சொல்லி வைத்தோம். எங்கள் ஊரில் சத்தம் கேட்டுப் பதறுவது நான் மட்டுமில்லை. மகன் அடிக்கத் தொடங்கினான். ரியூப் ஓரிடத்தில் மட்டும் தவளை வயிறுபோல ஊதிக்கொண்டு வந்தது. கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. வெடித்தது. பயம் ஒன்பது. உள்ளே ஓடிப் படுத்திருந்தால் அந்த நிமிடமே ஐந்துக்கு இறங்கியிருக்கும், ஓடியதால்தான் தப்பினேன் என்று மனமும் படித்திருக்கும். நின்றேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பன்னிரண்டு நிமிடத்தில் நாலு. மகன் அடுத்த ரியூப்பை எடுத்தான். அன்று நாலு ரியூப். கடைசிச் சத்தத்துக்கு என் பயம் ஐந்துக்கு மேல் போகவில்லை. மனைவி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றா. அவவுக்கு இது முழு விசராகத்தான் தெரிந்திருக்கும்.

பயம் தானாக இறங்கும்வரை அந்த இடத்தில் நிற்க வேண்டும். இறங்குவதற்கு முன் ஓடினால் ஏணி வேலை செய்யாது. ஒரு படி இலகுவாகும்வரை அடுத்த படிக்குப் போகக் கூடாது. காவலுக்கு வைத்திருக்கும் பொருட்களையும் விட வேண்டிவரும். முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறும்போது என் சேர்ட் பையில் எப்போதும் ஒரு சித்தாலேப தைல டப்பி, கையில் தண்ணீர்ப் போத்தல், இருக்கை மிதிபலகைக்குப் பக்கத்தில். அவற்றை ஒவ்வொன்றாகக் கைவிடுவதே தனி ஏணியாக இருந்தது. முள்ளியவளைவரை டப்பி இல்லாமல் போன அன்று கொப்பியில் பெரிதாக எழுதி வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. சத்தத்துக்கும் பஸ்ஸுக்கும் ஏணி வைப்பது ஒன்று, 2009 இல் போரின் முடிவில் கண்ணால் கண்டவற்றைத் திரும்பத் தோண்டுவது வேறு. அதற்கெனத் தனி முறைகள் உண்டு. ஒன்றில், கயிற்றை வாழ்க்கைக் கோடாக நிலத்தில் விரித்து, நல்ல நினைவுக்குப் பூவும் கெட்ட நினைவுக்குக் கல்லும் வைத்து, பிறகு ஒவ்வொன்றாகக் கதையை ஒழுங்காகச் சொல்ல வைப்பார்கள். அதைப் பயிற்சி பெற்றவர் இல்லாமல் வீட்டில் செய்ய வேண்டாம்.

மச்சாளின் மிளகாய்க் கன்றுகள்

மனச்சோர்வுக்கு வழி வேறு. அதை நான் என் மனைவியின் அக்காவிடம் பார்த்தேன். மகனைத் தேடுகிறவ. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரம் உட்கார்ந்தபோது அங்கே போனவ, பிறகு அதற்கும் போகாமல் பாயை விட்டு எழும்பாத நிலைக்கு வந்துவிட்டா. "மனம் வந்தால் எழும்புவேன்" என்பா. உளவளத்துணையில் அதைத் தலைகீழாக்கினார்கள்: முதலில் எழும்ப வேண்டும், மனம் பிறகு வரும். காலையில் பத்து மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான் முதல் கிழமைப் பாடம். ஊற்றிய பிறகு இரண்டு புள்ளி போட வேண்டும்: செய்து முடித்ததற்குப் பத்துக்கு எத்தனை, சந்தோசத்துக்குப் பத்துக்கு எத்தனை. மச்சாள் எழுத மாட்டா, நான்தான் எழுதினேன். முதல் நாள் இரண்டும் பூச்சியம். நான்காம் நாள் செய்ததற்கு மூன்று, சந்தோசத்துக்குப் பூச்சியம். கன்று பூத்த கிழமையில் சந்தோசத்துக்கு இரண்டு சொன்னா, சொல்லிவிட்டுக் குற்றம் செய்தவபோலப் பார்த்தா.

மகன் இல்லை என்று ஒப்புக்கொள்ளும்படி அங்கே எவரும் கேட்கவில்லை. மச்சாள் போகாமல் இருந்ததற்கு அந்தப் பயமே காரணம். தேடிக்கொண்டே சாப்பிடலாம், தேடிக்கொண்டே கன்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்ற அளவில்தான் பேச்சு நின்றது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இதை முதலிலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மச்சாளுக்கு மாத்திரையும் தந்தார்கள். மனச்சோர்வு மாத்திரை தலையிடி மாத்திரைபோல அன்றைக்கே கேட்காது, பல பேருக்கு இரண்டு தொடக்கம் நான்கு கிழமை எடுக்கும். முதல் நாட்களில் வயிற்றைப் பிரட்டலாம். இளம் ஆட்களுக்குத் தொடக்கத்தில் அந்தரமோ சாக வேண்டும் என்ற எண்ணமோ கூடினால் உடனே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். சுகம் வந்துவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது. மச்சாள் இரண்டாம் மாதத்தில் நிறுத்தி, தலைசுற்றி, திரும்ப முதலிலிருந்து தொடங்கினா. மாத்திரையும் கதைப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. கடுமையான சோர்வில் இரண்டும் சேர்ந்தால் நல்லது என்று மருத்துவர் சொன்னார்.

இனி வீட்டாருக்கு. "உற்சாகமாக இரு" என்று சொல்லாதீர்கள். வம்புக்கு விடுப்புக் கேட்க வருகிறவர்களைப் படலையோடு அனுப்புங்கள். கமக்காரர் வீடு என்றால் பூச்சிமருந்தைப் பூட்டித் திறப்பை வேறு ஒருவரிடம் கொடுங்கள். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. மருந்து எட்டாத தூரத்தில் இருந்தால், சாக வேண்டும் என்று தோன்றும் அந்த ஒரு மணி நேரம் கடந்துவிடும். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், கேட்டுவிட்டு விடாதீர்கள், தனியே விடவும் வேண்டாம். எந்த நேரமும் 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணுக்கு எடுக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ்.

எனக்கு இருபது சந்திப்புக்கும் குறைவாகவே தேவைப்பட்டது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். முடியாமல் இருப்பது ஒன்று. ஒவ்வொரு வருடமும் மே மாதத்தின் நடுவில் ஒரு கிழமை கடையைப் பூட்டிவிடுகிறேன். அந்த நாட்களில், போர் முடிந்த நாட்களின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோம், பம்பைத் தொட மாட்டேன். இது பயத்தில் ஒளிவதா, துக்கம் காப்பதா என்று அந்தப் பிள்ளை போனமுறை கேட்டா. தெரியவில்லை என்றேன். "அப்படியானால் எழுதிக்கொண்டு வாருங்கள், ஐயா" என்றா. கொப்பியில் தலைப்பை மட்டும் எழுதியிருக்கிறேன். அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்.