பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் முதன்முறையாகப் புறப்படும் இளைஞர்கள் புயலை நினைத்துத்தான் அஞ்சுகிறார்கள். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் கரை தெரியாத கடலில் வாரக்கணக்கில் தங்கும்போது, தூக்கம், தண்ணீர், சாப்பாடு போன்ற அன்றாடக் காரியங்களில் விடும் பிழைகளும் உயிருக்கு உலை வைத்துவிடும். அவற்றைக் கரையில் நிற்கும்போதே திருத்திக்கொள்ள முடியும்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, வலையை விட்டபின் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிடுவதாகும். நாள் முழுவதும் உழைத்த உடம்பு சாயத்தான் பார்க்கும். கடலும் அமைதியாக இருந்தால், சுற்றிலும் எதுவுமே இல்லை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். மணிக்கு 20 கடல்மைல் வேகத்தில் வரும் சரக்குக் கப்பலுக்கு 10 கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 16 நிமிடங்கள் போதும். கண்ணாடியிழைப் படகு அதன் ராடார் திரையில் மங்கலாகவே விழும், அலை எழும்பும் இரவில் விழாமலும் போகலாம் என்பதால், அவர்கள் நம்மைக் கண்டு விலகிப் போவார்கள் என்று நம்பியிருக்க முடியாது. எந்நேரமும் ஒருவர் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது கடலில் மோதல் தவிர்ப்பதற்கான சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி. அது சிறு படகுக்கும் பொருந்தும்.

ஆகவே புறப்படும் முன்பே முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். சமைப்பவரையும் முறையில் சேருங்கள். படகை ஓட்டுபவர் மட்டும் விடிய விடிய விழித்திருப்பதைத் திறமையாக எண்ணாதீர்கள், ஏனெனில் தூக்கம் கெட்டவரின் கணிப்பும் கெட்டுப்போகும். காவலில் இருப்பவர் இயந்திர அறைச் சுவரில் சாய்ந்து உட்காராமல் எழுந்து நின்று, பின்பக்கத்தையும் சேர்த்துப் பார்வையைச் சுற்றவிட வேண்டும். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தால் அதைத் திசைகாட்டியில் குறித்து, சில நிமிடங்கள் கழித்து மறுபடி பாருங்கள். திசை மாறாமல் வெளிச்சம் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தால் அந்தக் கப்பல் நம் மேல்தான் வருகிறது. அதன் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் சேர்ந்து தெரிந்தால், அது நம்மை நேராக நோக்கி வருகிறது என்று பொருள். உடனே மற்றவர்களை எழுப்ப வேண்டும். எழுப்பினால் ஏசுவார்களோ என்ற தயக்கம் ஒருவருக்கும் இருக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். நம் வெயிலில் ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளொன்றுக்கு 3 லீற்றர் வேண்டும் என்று கணக்கிட்டால், ஐந்து பேருக்கு 20 நாளைக்கு 300 லீற்றர் ஆகிறது. இயந்திரம் பழுதாகி நாட்கள் நீளக்கூடும் என்பதற்காக அதில் மூன்றிலொரு பங்கையாவது கூடுதலாக ஏற்றுங்கள். முழுவதையும் ஒரே தாங்கியில் நிரப்புவதும், டீசல் இருந்த பீப்பாயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். தாங்கி வெடித்தாலோ தண்ணீர் நாறினாலோ மாற்று வழி இராது. அப்போதும் கடல்நீரைக் குடிக்காதீர்கள், அதில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதை வெளியேற்ற, குடித்ததைவிடக் கூடுதலான நீரை உடம்பு இழக்கும். வாந்தி வருகிறதென்று தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் புதியவரைச் சும்மா விடாதீர்கள். சிறிது சீனியும் உப்பும் கலந்த நீரை மிடறு மிடறாகக் குடிக்கக் கொடுங்கள்.

மிதந்து வரும் போத்தலைத் திறந்து குடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பது வேதனைக்குரியது. தங்காலையிலிருந்து சென்ற பலநாள் படகொன்றில் 2024 ஜூனில், கடலில் கண்டெடுத்த போத்தல்களில் இருந்ததை மதுவென்று எண்ணிக் குடித்தவர்கள் உயிரிழந்தார்கள். அப்படி வருவதைத் திறக்கவே வேண்டாம்.

சாப்பாட்டில் ஏமாற்றுவது சூரை இன மீன்தான். பிடித்ததும் ஐஸில் வைக்காமல் தளத்தில் கிடந்து சூடேறிய மீனில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உருவாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது அழியாது, மீனின் தோற்றத்திலும் மணத்திலும் எந்தக் குறையும் தெரியாமலிருக்கலாம். உண்டபின் முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வந்தால் அதையே சந்தேகியுங்கள். கறிக்கான மீனையும் விற்பனைக்கான மீனைப் போலவே உடனே குளிரூட்ட வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். ஆகையால் சிலிண்டரைக் காற்றோட்டமான இடத்தில் கட்டி வைத்து, சமையல் முடிந்ததும் அதன் தலையிலுள்ள வால்விலேயே மூடிவிட வேண்டும். கெட்டுப்போன மீன் கிடக்கும் அறைக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்கிவிட அடுத்தவர் பதறிப்போய் இறங்கக் கூடாது. அவரையும் அதே நச்சுக் காற்று வீழ்த்தும். முதலில் மூடிகளைத் திறந்து காற்றை உள்ளே விடுங்கள், பிறகு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

இரவில் சிறுநீர் கழிக்க ஒருவருக்கும் சொல்லாமல் பின்பக்கம் போவது ஒரு பெரிய ஆபத்து. இயந்திர இரைச்சலில் விழுந்தவரின் குரல் கேட்காது. காவலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், ஒரு கை எப்போதும் படகைப் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் விழுந்துவிட்டால் உடனே மிதக்கும் பொருளை எறிந்து, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து, ஒருவர் அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்துக் கைகாட்டியபடியே நிற்க வேண்டும்.

தென்மேற்குக் காற்று வீசும் கச்சான் காலத்தில் கரையோரக் கடல் குளம்போல இருப்பதை நம்பி, பழுதான இயந்திரத்துடன் புறப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால்தான் அருகே அலை எழும்புவதில்லை. இயந்திரம் நின்றால் அதே காற்றும் நீரோட்டமும் படகைக் கிழக்கே வங்காள விரிகுடாவுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அந்தமான் பக்கம் வரை மிதந்துபோன இலங்கைப் படகுகள் உண்டு. புறப்படும் முன் றேடியோவைப் பேசிப் பார்த்துச் சோதியுங்கள். விஎச்எப் 16ஆம் அலைவரிசை அவசர அழைப்புக்குரியது என்பதைப் படகிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். படகின் பதிவிலக்கம், உடன் செல்பவர்களின் பெயர்கள், போகும் திசை, திரும்பும் நாள் ஆகியவற்றை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அந்த நாள் கடந்தால் எத்தனை மணிநேரத்துக்குள் கடற்றொழில் அலுவலகத்துக்கும் கடற்படைக்கும் அறிவிக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.