அவன் தந்த கேசட் மறுபடி பாடுகிறது

நண்பன் போய் மூன்று வருடம் ஆகிறது. கல்லூரி நாளில் ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, எனக்காக அவன் பதிந்து வாங்கி வந்த 90 நிமிட கேசட்டைப் போன மாதம் எடுத்துப் போட்டேன். பாட்டெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக, ஏறி இறங்கிக் கேட்டது. டேப்பில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தேன், மாறவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் அந்தச் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து உதிர்ந்து போயிருந்தது.

வேண்டாத ஒரு கேசட்டின் ஐந்து ஸ்குரூவையும் கழற்றி, அதிலிருந்த துண்டைத் தகட்டோடு எடுத்து இதில் மாட்டினேன். 90 நிமிட நாடா 60ஐ விட மெல்லியது, இழுத்துவிடாதீர்கள். சத்தம் தெளிந்துவிட்டது. கையோடு கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், சிடிக்குரிய 44,100 ஹெர்ட்ஸில் இரண்டு பக்கமும் பதிந்து, எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வைத்துக்கொண்டேன்.

பி பக்கத்தில் கடைசிப் பாட்டும் முடிந்த பிறகு, அவன் வீட்டு டேப்பில் பேசிச் சேர்த்த ஒரு வரி இருந்தது. “கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுடா.” இத்தனை வருடத்தில் நான் அதுவரை ஓடவிட்டதே இல்லை.