பழைய பெட்ஷீட்டில் மார்க்கெட் பை தைப்பது எப்படி?

துணிப்பை என்று கடையில் தொங்குகிற எல்லாமே துணி இல்லை. நெசவே தெரியாமல், புள்ளிப் புள்ளியாக அழுத்தின மாதிரி கலர் கலராக இருக்கிறதே, அது பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்தான். சந்தேகமா, ஓரத்தில் துளி பிய்த்து இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள்: பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகும், இது உருகி உருண்டுகொள்ளும். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது, கோயம்பேட்டில் 10 ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். நல்லதுதான், ஆனால் வீட்டில் காட்டன் பெட்ஷீட் சும்மா கிடக்கும்போது அந்தப் 10 ரூபாயும் எதற்கு?

1. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நைந்த இடம் வலை மாதிரி தெரியும், அதைத் தள்ளிவிட்டு 16 அங்குல அகலம், 38 அங்குல நீளத்தில் ஒரே துண்டாக வெட்டுங்கள். அடியில் தையலே வராததால் பூசணிக்காய் போட்டாலும் பிரியாது.

2. நல்ல பக்கம் வெளியே தெரிய இரண்டாக மடித்து, இரண்டு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். அப்புறம் உள்பக்கத்தை வெளியே திருப்பி மறுபடி ஒரு தையல், பிசிறு உள்ளே மாட்டிக்கொள்ளும். முடிந்ததும் நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பிவிடுங்கள்.

3. கைப்பிடிக்கு 4 அங்குல அகலம், 24 அங்குல நீளத்தில் இரண்டு பட்டை. நாலாக மடித்துத் தைத்தால் ஒரு அங்குலம் வரும்.

4. பையின் வாயை இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்து, அதன்மேல் கைப்பிடியை வையுங்கள். முதலில் அறுவது இந்த இடம்தான், அதனால் ஒரு கோடு போட்டுவிட்டு எழுந்துவிடாமல், சின்னதாகச் சதுரம் தைத்து நடுவில் பெருக்கல் குறியும் போடுங்கள். மெஷின் இல்லையா, இரட்டை நூல் கோத்து, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைக் கொஞ்சம் பின்னால் குத்தி முன்னால் எடுத்தால் போதும், மெதுவாகத்தான் ஆகும்.

பழைய உள்பாவாடை இருந்தால் இன்னும் சுலபம். நாடாவோடு மேல்பகுதியை 15 அங்குலம் வெட்டி, அடியை மூடி, பக்கத்துப் பிளவையும் தைத்துவிட்டால் பருப்பு வாங்கச் சுருக்குப்பை தயார்.

மீன், கறிக்கு மட்டும் துணி ஆகாது, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்கள். காலி டப்பாவைத் தராசில் வைத்து எடையைக் கழித்த பிறகே மீனைப் போடச் சொல்லுங்கள்.