புதிய கிங்ஸ்நேக் வந்ததும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கிங்ஸ்நேக் என்ற வளர்ப்புப் பாம்பை வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எப்போது கையில் எடுக்கலாம்?" என்பதுதான். அது மூன்று முறை இரை தின்று, தின்றதைக் கக்காமல் செரித்துக் கழித்த பிறகு எடுக்கலாம் என்பேன். குட்டியானால் ஏறக்குறைய மூன்று வாரம், வளர்ந்த பாம்பானால் ஒரு மாதத்துக்கும் மேல். கேட்டவர் முகம் சுருங்கும். விருந்தினருக்குக் காட்டத்தான் வாங்கினார் என்றால் அவருக்கு நான் சொல்ல வேறொன்றும் இல்லை.

என்னிடம் இருப்பது கருப்பு வெள்ளைப் பட்டைகள் கொண்ட கலிபோர்னியா வகை. விஷமற்றது, பெயரில் 'கிங்' இருந்தாலும் ராஜநாகத்தோடு நெருங்கிய உறவு கிடையாது. வட அமெரிக்காவின் காடு, புல்வெளி, பாலைவனம் என எல்லா இடங்களிலும் பிழைக்கும் இனம் இது. ஆகவே வீட்டில் வளர்க்கச் சிரமமில்லாத பாம்பு என்று பெயர் வாங்கியிருக்கிறது. அந்தப் பெயர் நியாயமானதுதான். ஆனால் பாதி வேலையைப் பாம்பு வருவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். வந்த பிறகு நாம் எவ்வளவு குறைவாகக் குறுக்கிடுகிறோமோ அவ்வளவு விரைவாக அது நிலைகொள்ளும்.

கூண்டைப் பாம்பு வருவதற்குச் சில நாட்கள் முன்பே தயார் செய்து, சூட்டை ஓடவிட்டுப் பாருங்கள். பாம்பின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமென்றால் சூடான பக்கம் போகும்; போதும் என்றால் குளிர்ந்த பக்கம் திரும்பும். ஆகவே கூண்டின் ஒரு முனை 30 டிகிரி செல்சியஸ் அளவிலும், மறுமுனை 23, 24 அளவிலும் இருக்க வேண்டும். ஹீட் மேட் என்ற மின்சூட்டு விரிப்பை வைத்தால், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும். சுடுகிறது என்று உணர்ந்து அது விலகிவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நான் நம்புவதில்லை. அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். கம்பி நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானியை வாங்கி, பாம்பு படுக்கப்போகும் தரையிலேயே அந்த நுனியை வையுங்கள். வெயில் காலத்தில் அறையே 32 டிகிரியைத் தாண்டினால் பிரச்சினை தலைகீழாகிவிடும். அப்போது மேட்டை அணைத்துவிட்டு, கூண்டை வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மறைவிடம் இரண்டு வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், பாம்பு பாதுகாப்பையா சூட்டையா என்று தேர்ந்தெடுக்க நேரிடும். பயந்த பாம்பு பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். குளிரிலேயே கிடந்து இரையைச் செரிக்க முடியாமல் திணறும். மறைவிடம் விசாலமாக இருக்கவும் கூடாது. சுருண்டு படுத்தால் முதுகும் விலாவும் சுவரில் உரச வேண்டும். அப்போதுதான் அதற்கு நிம்மதி. கடையில் விற்கும் பாறை வடிவக் குகைகள் பெரும்பாலும் நம் கண்ணுக்காகச் செய்தவை. நான் ஒளி புகாத சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு துளை வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருக்கிறேன். அட்டைப்பெட்டியும் போதும், அழுக்கானால் எறிந்துவிடலாம்.

தரைக்கு ஆஸ்பென் மரச்சீவலை ஏழெட்டுச் சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொட்டுங்கள். கிங்ஸ்நேக் புதைந்து வாழ விரும்பும். ஆழம் இருந்தால் தானே சுரங்கம் அமைத்துக்கொள்ளும். தேவதாரு, பைன் சீவல்கள் வேண்டாம். அவற்றின் வாசனை எண்ணெய்கள் பாம்பின் மூச்சுக்குக் கெடுதல். உருண்டு கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம் ஒன்று. காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் போதும்.

பூட்டு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். தலை நுழைந்த இடுக்கில் உடலும் நுழைந்துவிடும். முதல் வார இரவுகளில் கிங்ஸ்நேக் கூண்டின் ஒவ்வொரு மூலையையும் மூக்கால் தள்ளிப் பார்க்கும். மூடியின் மேல் புத்தகத்தை வைப்பது பூட்டாகாது. கிளிப் அல்லது தாழ்ப்பாள் வேண்டும். மின்கம்பி நுழையும் துளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதை அடைத்துவிடுங்கள். தப்பிய பாம்பு வீட்டாருக்கு மட்டுமே தொல்லை என்று எண்ண வேண்டாம். ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில், வளர்ப்பிலிருந்து வெளியேறிய கலிபோர்னியா கிங்ஸ்நேக்குகள் பெருகி, அத்தீவுக்கே உரிய பெரிய பல்லி இனத்தை அவை பரவிய பகுதிகளில் ஏறக்குறைய துடைத்தெறிந்துவிட்டன. கிங்ஸ்நேக்கை வளர்க்க நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஒரு கூண்டில் ஒரு பாம்புதான். துணைக்கு இன்னொன்று என்ற பேச்சே வேண்டாம். காட்டில் இது விரியன் வகைப் பாம்புகளையே விழுங்கும். தன் இனத்தையும் விட்டுவைக்காது.

பாம்பு வரும் நாளில் அதை எடுத்துக் கூண்டில் போடாதீர்கள். கொண்டுவந்த பையையோ டப்பாவையோ அப்படியே உள்ளே வைத்து, வாயைத் திறந்துவிட்டு, கூண்டை மூடிப் பூட்டிவிட்டு விலகிவிடுங்கள். அது தனக்குத் தோன்றும்போது வெளியே வரட்டும். கண்ணாடித் தொட்டியானால் மூன்று பக்கமும் துணி போட்டு மறையுங்கள். துணி துவைக்கும் இயந்திரம், ஒலிபெருக்கி, அடிக்கடி அறைந்து சாத்தப்படும் கதவு ஆகியவற்றின் அருகில் கூண்டு வேண்டாம். பாம்புக்கு வெளிக்காது இல்லை என்பது உண்மைதான். ஆனால் தரையின் அதிர்வைத் தாடை வழியே நன்றாகவே உணரும்.

அடுத்த ஒரு வாரம் உங்கள் வேலை, தண்ணீர் மாற்றுவது, கழிவு தெரிந்தால் அள்ளுவது. அவ்வளவே. "இருக்கிறதா பார்க்கலாம்" என்று மறைவிடத்தைத் தூக்கிப் பார்ப்பதுதான் மிகப் பெரிய இடைஞ்சல். தூக்காமலே தெரிந்துகொள்ள வழி உண்டு. இரவில் மறைவிட வாசலில் ஒரு சிறிய காகிதத் துண்டைச் சாய்த்து வைப்பேன். காலையில் அது விழுந்து கிடந்தால் பாம்பு வெளியே உலாவியிருக்கிறது. தண்ணீரில் மரச்சீவல் மிதப்பதும் அதே சேதியைத்தான் சொல்லும்.

தண்ணீர் மாற்றும்போது அது வாலை அதிரவைத்துச் சீவலில் கிலுகிலுப்பை ஒலி எழுப்பலாம், சீறலாம், கழுத்தை வளைத்துக்கொண்டு முறைக்கலாம். கழிவுத்துளையிலிருந்து ஒரு நாற்றத்தைப் பீய்ச்சவும் செய்யலாம். அது துணியில் பட்டால் லேசில் போகாது. இவை கெட்ட குணம் அல்ல, பயம். குட்டிகளிடம் இது அதிகம்.

முதல் இரையை ஐந்து முதல் ஏழு நாள் கழித்துக் கொடுங்கள். முன்பு வளர்த்தவர் எதைக் கொடுத்தாரோ அதையே, வழக்கத்தைவிடச் சற்றுச் சிறிய அளவில் கொடுங்கள். பாம்பின் உடலில் தடிமனான இடம் எவ்வளவோ, அதற்கு மேல் எலி பருமனாக இருக்கக் கூடாது. குட்டிக்கு மயிர் முளைக்காத எலிக்குஞ்சு போதும். உறைந்த எலியை இரவு முழுவதும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, கொடுப்பதற்கு முன் பையில் கட்டிச் சுடுநீரில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். அந்தக் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டாம். நீண்ட இடுக்கியால் பிடித்து, மாலை வெளிச்சம் மங்கிய பிறகு நீட்டுங்கள். வாங்கவில்லை என்றால் மறைவிட வாசலில் விட்டுவிட்டு, காலையில் எஞ்சியிருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்துத்தான். தினமும் நீட்டினால் பயம்தான் கூடும். கண்கள் பால் கலந்த நீலமாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அப்போது பல பாம்புகள் தின்னாது, அதை மறுப்பாகக் கொள்ள வேண்டாம்.

இங்கேதான் கிங்ஸ்நேக் பலரை ஏமாற்றிவிடுகிறது. மற்ற பல பாம்புகள் பயந்தால் பட்டினி கிடக்கும். இதுவோ பந்திக்கு முந்தும் பிராணி, பயத்தோடும் தின்னும். "முதல் நாளே தின்றுவிட்டது, பழகிவிட்டது" என்று கையில் எடுப்பார்கள். மறுநாள் அது கக்கிவிடும். கக்கும்போது வயிற்று அமிலமும் சேர்ந்து வெளியேறுகிறது, பாம்பு பலவீனமாகிறது. அப்படி நடந்தால் பத்துப் பதினான்கு நாள் எதுவும் கொடுக்காமல் தண்ணீர் மட்டும் வைத்து, சூட்டைச் சரிபார்த்து, பிறகு பாதியளவு இரையில் தொடங்க வேண்டும். மீண்டும் கக்கினால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஆகவே தின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நடத்தையைப் பாருங்கள். நிலைகொள்ளாத பாம்பு கண்ணாடி ஓரமாகவே ஓயாமல் மேலும் கீழும் அலையும், மூக்கை உரசும். நிலைகொண்டது, மாலையில் மெதுவாக வெளியே வந்து, நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி முகர்ந்து, தண்ணீர் குடித்து, தான் தேர்ந்தெடுத்த மறைவிடத்துக்கே திரும்பும். இரண்டு வாரமாகியும் அலைச்சல் குறையாவிட்டால் முதலில் சூட்டையும் மறைவிடத்தின் இறுக்கத்தையும் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் கருப்புப் புள்ளிகள் மூழ்கிக் கிடந்தால் அவை உண்ணிகள். வாயில் குமிழி வந்தாலோ மூச்சில் சத்தம் கேட்டாலோ காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கையில் எடுக்கும் நாள் வந்ததும் முதலில் கையைக் கழுவுங்கள். எலி வாசனை இருந்தால் உங்கள் விரலும் இரைதான். சுருட்டிய காகிதத்தால் உடலை மெதுவாகத் தொட்டு, வந்திருப்பது இரையல்ல என்று தெரியப்படுத்துங்கள். பிறகு மேலிருந்து இறங்காமல், பக்கவாட்டிலிருந்து நடு உடலைத் தாங்கி எடுங்கள். ஐந்து நிமிடம் போதும். கடித்தால் இந்த இனம் விடாமல் மெல்லும். இழுத்தால் பின்னோக்கி வளைந்த பற்கள் உங்கள் தோலைக் கிழிக்கும், அவையும் உடையும். வாயருகே குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள், விட்டுவிடும். திரும்ப வைத்ததும் மறுபடி சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமப்பவை. இரை தின்ற நாளிலும் அடுத்த இரண்டு நாட்களிலும் தொட வேண்டாம். மற்றபடி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எடுக்கலாம். நேரத்தை அதன் போக்கைப் பார்த்து மெல்லக் கூட்டிக்கொள்ளுங்கள்.